இருட்டில் சிவந்த கம்பு

முளைப்பாரி வீட்டில் அன்று பிற்பகல் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டால் பிறகு குழப்பம் வராது.

சூரங்குளத்தில் பழைய ரேஷன் கடைக் கட்டடம்தான் முளைப்பாரி வீடு. உள்ளறையில் அம்மன் திருவிழாவுக்கு முளை வளரும் சட்டிகள். அங்கே விளக்கு கிடையாது, ஜன்னலைச் சாக்கு மூடியிருக்கும். அந்த அறைக் கதவை முதுகால் அடைத்துக்கொண்டு முன்னறையில் மூக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். முளை வளர்க்கும் பொறுப்பு அவளுடையது, விரதத்தில் இருந்தாள், பசியில் அவள் வாய் வழக்கத்தைவிடக் கூடுதலாக வெட்டும். அவளுக்கு இடப்பக்கம், முன்பு தராசு வைத்திருந்த மேடையில் அன்னக்கிளி. மேடைக்குக் கீழே சுவரோடு ஒட்டி அவள் மருமகள் செண்பகவல்லி, மடியில் தூங்கும் கைக்குழந்தையோடு. எதிர்ச்சுவரில் பேச்சியம்மாளும் அவளோடு சேர்ந்தவர்களும். நடுவில், பாயில், எழுதும் அட்டையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு காளீஸ்வரி. கம்பு விவசாயப் பெண்கள் சங்கத்தின் செயலாளர் அவள்தான்.

வாசலுக்கு வெளியே, தெருவில், பிளாஸ்டிக் நாற்காலியில் வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி டாக்டர் சுதாகர் உட்கார்ந்திருந்தார். விதைக் கம்பெனியின் விஞ்ஞானி. ஆண்கள் அந்தப் படியைத் தாண்டக் கூடாது, உள்ளே பார்க்கவும் கூடாது. அதனால் அவர் எதிரே கட்டியிருந்த ஆட்டைப் பார்த்துத்தான் பேசினார்.

விவகாரம் தொடங்கியது இரண்டு நாளைக்கு முன்னால். காலையில் தண்ணீர் தெளிக்கப் போன மூக்கம்மாள் சட்டிகளில் சிவப்பைப் பார்த்தாள். இருட்டில் வளரும் முளை வெளிறிய மஞ்சளாகத்தான் இருக்கும். மொச்சை, தட்டைப்பயறு, சோளம், எல்லாம் அப்படியே இருந்தன. கம்பில் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாக மாதுளை முத்தின் நிறத்தில் முளைகள். ஒரு சட்டியில் இல்லை, எல்லாச் சட்டியிலும். அம்மன் சிவந்து வந்திருக்கிறாள் என்று குலவை போட்டார்கள். யாரோ செல்போனில் படம் எடுத்துத் திருப்பூரில் இருக்கும் மகளுக்கு அனுப்ப, மகள் சொந்தம் முழுக்க அனுப்ப, படம் போன வேகத்தில் கம்பெனி ஜீப் வந்து நின்றது.

காளீஸ்வரி அந்தப் படத்தைப் பெரிதாக்கி மொச்சை முளையைத் தேடிப் பார்த்தாள். அம்மன் சிவப்பதென்றால் மொச்சையிலும் சிவந்திருப்பாள். கம்பில் மட்டும் எதற்கு?

கம்பு மாவின் குணம் எல்லாருக்கும் தெரியும். திரித்து வைத்தால் சில நாளில் காறிப்போகும். அந்தக் காறலைக் கம்பெனி மரபணுவை மாற்றி விதைக்குள்ளேயே அணைத்துவிட்டது. காறாத கம்பு வந்ததும் பக்கத்து மாவட்டங்கள் அதற்கு மாறின. மாவு மாதக்கணக்கில் அப்படியே இருந்ததால் பெரிய கிடங்குகள் முளைத்தன. வாரம்தோறும் திரித்துக் கொடுத்த ஊர் மில்கள் மூடின. கடையில் வாங்கும் மாவு எந்த மழைக்கு விளைந்தது, யார் நிலத்தில் விளைந்தது என்று யாருக்கும் தெரியாது. மாற்றிய விதையா என்று பொட்டலத்தின்மேல் எழுத வேண்டும் எனக் கேட்டவர்களுக்கு, இரண்டுக்கும் வித்தியாசம் இல்லாதபோது எதற்கு எழுத வேண்டும் என்று பதில் வந்தது.

சூரங்குளம் அந்த விதையை வேண்டாம் என்றது. மதுரையில் ரஹமத் நிஷா நடத்தும் நுகர்வோர் மன்றமும் வேண்டாம் என்றது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஏற்பாடு. வருஷத்துக்கு ஒருமுறை, திருவிழா முடிவதற்குள், சங்கச் செயலாளர் தன் கையால் கடிதம் எழுதுவாள்: எங்கள் ஊரில் மாற்றிய விதை இல்லை. அந்த ஒரு கடிதத்தை நம்பி மன்றத்துக் குடும்பங்கள் வாரா வாரம் சூரங்குளத்து மாவை வாங்கிச் சாப்பிட்டன. எப்போதாவது ரஹமத் நிஷா போன் செய்து, “காளீஸ்வரி, மாவு காறிப்போச்சும்மா, சந்தோஷம்” என்பார். காறினால் அது சூரங்குளத்து மாவு.

ஊர் எல்லையில் அரசாங்கம் நட்ட பலகையும் உண்டு: மாற்றுவிதை இல்லா ஊர். ஒரு வயலில் கலப்பு தெரிந்தாலும் பலகையைப் பிடுங்கிவிடுவார்கள், மறுபடி நட மாட்டார்கள். கலப்பு யார் வயலில் இருக்கிறதோ அவர்மேல் கம்பெனி வழக்குப் போடலாம். அனுமதி இல்லாமல் தன் விதையைப் பயிர் செய்ததாக.

“அது எங்க அடையாளம்மா,” என்றார் சுதாகர், ஆட்டிடம். “வெளிச்சத்துல வளர்ந்தா மத்த கம்பு மாதிரியே பச்சைதான். முழு இருட்டுல முளைக்க வெச்சா மட்டும் சிவக்கும். யாராவது எங்க விதையைத் திருட்டுத்தனமா வித்தா, லேப்ல இருட்டுப் பெட்டிக்குள்ள வெச்சுக் கண்டுபிடிக்கலாம்னு சேர்த்தது. எந்த விவசாயி கம்பை இருட்டுல முளைக்க வைக்கப் போறான், யார் கண்ணுக்கும் படாதுன்னு முடிவு பண்ணினோம்.”

மூக்கம்மாள் உள்ளேயிருந்தே கேட்டாள். “தம்பிக்கு எந்த ஊரு?”

“சென்னை. அம்மாவுக்குச் சாத்தூர் பக்கம்.”

“சாத்தூர் பக்கம் முளைப்பாரி கிடையாதாக்கும்?”

“உண்டும்மா. சின்ன வயசுல ஊர்வலம் பார்த்திருக்கேன். தலையில தூக்கிட்டுப் போவாங்க. அது எப்படி வளருதுன்னு பார்த்ததில்ல. அந்த மீட்டிங்ல இருந்த நாங்க யாருமே இந்த மாதிரி வீட்டுக்குள்ள போனவங்க இல்ல.”

“விட்டாத்தான போவீக,” என்றாள் மூக்கம்மாள். முன்னறையில் சிரிப்பு கிளம்பி, பாதியிலேயே அடங்கியது. எல்லாருக்கும் அடுத்து என்ன வரும் என்ற பயம்.

அவர் கொண்டுவந்த சமாதானத்தைக் காளீஸ்வரி அட்டையில் வரிசையாகக் குறித்துக்கொண்டாள். சூரங்குளத்துக் கம்பைச் சோதித்தோம், சுத்தமாக இருக்கிறது என்று கம்பெனியே அரசாங்கத்துக்கும் மதுரை மன்றத்துக்கும் எழுதித் தரும். எந்த வீட்டின் மீதும் வழக்கு வராது. பலகை அங்கேயே நிற்கும். பதிலுக்குச் சங்கம் ஒரே ஒரு கடிதம் கொடுத்தால் போதும்: குங்குமம் கரைத்த தண்ணீர் பட்டதால் முளை சிவந்துவிட்டது, வேறொன்றுமில்லை. பொழுது சாய்ந்தால் முளைப்பாரி தெருவுக்கு வந்துவிடும், பிறகு கண்மாயில் கரைந்துவிடும். பேச்சும் அதோடு கரைந்துவிடும்.

கொடுக்காவிட்டால்?

“வீட்டுக்கு ஒரு பிடி விதைக் கம்பு எடுத்துட்டுப் போகச் சொல்லி உத்தரவு வாங்குவாங்க. எந்த வீட்டுலேர்ந்து வந்ததுன்னு நாலே நாள்ல தெரிஞ்சிடும்,” என்றார். மிரட்டுகிற குரல் இல்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பார்க்காமலே எல்லார் கவனமும் மேடைக்குக் கீழே போய்விட்டது என்பது செண்பகவல்லிக்கு உறைத்தது. அவள் போடிப் பக்கத்துப் பெண். பிள்ளை பெற்றுப் புகுந்த வீட்டுக்குத் திரும்பும் மகளோடு ஒரு பெட்டி விதைத் தானியம் அனுப்புவது அவள் வீட்டு வழக்கம். அதைப் புகுந்த வீட்டு நிலத்தில் ஒரு உழவுச் சாலிலாவது தூவாமல் விட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். போடிப் பக்கம் காறாத கம்பு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

“எங்கம்மா குடுத்துவிட்டது,” என்றாள், குழந்தையின் தலையைப் பார்த்துக்கொண்டே. “அதுக்குப் படிக்கத் தெரியாது. நல்ல விதைன்னு...”

“இவ கெடக்கா,” என்று மேடையிலிருந்து அன்னக்கிளி குறுக்கே விழுந்தாள். “போன போகத்துல தூவுனது நானு. எஞ் சம்பந்தி வீட்டுச் சீரைக் குப்பையிலயா கொட்ட முடியும்? கேசு போடணும்னா எம் பேருல போடச் சொல்லு.”

மருமகளும் மாமியாரும் ஒரு வருஷமாக நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை என்பது ஊருக்கே தெரியும். செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தாள். அன்னக்கிளி அவளைப் பார்க்காமல் வெற்றிலைப் பையின் சுருக்கை இழுத்துக்கொண்டிருந்தாள்.

பேச்சியம்மாள் விடவில்லை. “வீரமாத்தான் பேசுற மதினி. ஒத்த வீட்டுக்காக ஊரு மொத்தமும் பலகையைத் தொலைக்கணுமா? வாரா வாரம் நம்ம மில்லுல நிக்கிற பொம்பளைக எங்க போவாக? குங்குமம்னு எழுதுனா ஒலகம் கவுந்துருமா? காளீஸ்வரி, எழுதிக் குடுத்துரு தாயி.”

காளீஸ்வரி எழுதத் தொடங்கினாள். அருப்புக்கோட்டையில் படித்தபோது கடிதப் பாடத்தில் சொல்லிக்கொடுத்த முறையை அவள் இன்றுவரை மாற்றியதில்லை. இடது மேல்மூலையில் அனுப்புநர், அதற்குக் கீழே பெறுநர், ஒரு வரி விட்டுப் பொருள், பிறகு பார்வை. கலெக்டருக்கு எழுதினாலும் கொழுந்தனுக்கு எழுதினாலும் அதே வரிசை. முறையாக எழுதினால் விஷயம் தானாக நேராகிவிடும் என்பது அவள் நம்பிக்கை. குங்குமக் கடிதமும் அப்படித்தான் வந்தது. முளைப்பாரி என்றால் என்ன, மஞ்சள் குங்குமத் தண்ணீர் எப்போது தெளிப்பது, சாயம் எப்படி ஏறும் என்று வரிக்கு வரி அமைப்பாக இறங்கியது. இவ்வளவு நல்ல கடிதத்தை அவள் சமீபத்தில் எழுதியதில்லை. அதுதான் அவளை நிறுத்தியது. ரஹமத் நிஷா இதைப் படித்தவுடனே நம்பிவிடுவார். சந்தேகம் என்ற ஒன்றே வராது.

பேனாவை மூடாமல் வைத்துவிட்டு எழுந்தாள். மூக்கம்மாள் நகர்ந்து வழிவிட்டாள்.

உள்ளறையில் ஈரச் சாண வாசனையும் ஊறிய தானிய வாசனையும் முகத்தில் மோதின. சாக்கின் ஓரத்தில் வந்த கீற்று வெளிச்சத்துக்குக் கண் பழகியதும் சிவப்பு தெரிந்தது. அவள் நினைத்ததைவிட அதிகம். அதைச் சுற்றி மஞ்சள் வெளுப்பில் மற்ற கம்பு. முத்துப் போடுவதற்கு, அதாவது சட்டியில் விதைப்பதற்கு, முன்னால் எல்லா வீட்டுத் தானியத்தையும் ஒரே நார்ப்பெட்டியில் கொட்டிக் கலப்பார்கள். இது என் வீட்டு முளை, அது உன் வீட்டு முளை என்று யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே கலப்பது. இந்தச் சட்டிகளில் செண்பகவல்லியின் கம்பு எது என்று தேடினால் அகப்படாது. தன்னுடையதும்தான். கம்புப் பூவின் தூள் காற்றில் பறக்கிற சாதி. அன்னக்கிளியின் புஞ்சைக்குக் கிழக்கேதான் காளீஸ்வரியின் புஞ்சை.

திரும்பி வந்து படிக்கு உள்ளே நின்றுகொண்டு, அவர் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

“சார், இந்தச் சிவப்பு அடையாளம் உங்க விதை எல்லாத்துலயும் உண்டா?”

“எல்லாத்துலயும்.”

“கடையில பொட்டலத்துல விக்கிற முழுக் கம்புலயும்?”

சுதாகர் நாற்காலியில் அசைந்தார். “எங்க விதையில விளைஞ்சதா இருந்தா, ஆமா.”

“அப்ப ஒருத்தி கடையில கைப்பிடிக் கம்பு வாங்கி, ஒரு கொட்டாங்குச்சி மண்ணுல போட்டுப் பெட்டிக்குள்ள மூடி வெச்சா, அது என்ன கம்புன்னு அவளே பார்த்துக்கலாம். லேப்பு வேண்டாம். யாரு பலகையும் வேண்டாம்.”

ஆடு கத்தியது.

“இல்லைன்னு சொல்லுங்க சார்.”

“இல்லைன்னு சொல்ல முடியாதும்மா,” என்றார் அவர். மேலதிகாரி சொல்லி அனுப்பிய பொய்க் கடிதத்தைக் கேட்டு வாங்க வந்த மனிதர்தான். ஆனால் கேட்ட கேள்விக்குத் தப்பான விடை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “ஆனா யோசிங்க. காறாத மாவால எத்தனை ஹாஸ்டல்ல பசங்க கம்பு சாப்பிடறாங்க தெரியுமா? முன்னாடி மூட்டை மூட்டையா குப்பையில கொட்டினாங்க. நான் அதுக்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன். விஷம் ஒண்ணும் விதைக்கல.”

“விஷம்னு நான் சொன்னேனா? நல்லதாவே இருக்கட்டும். நல்லதுன்னா பேரைச் சொல்லி விக்கலாம்ல? திங்கிறவளுக்குத் தெரியக் கூடாதுன்னு எதுக்கு இருட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சீக?”

அவர் காலடியில் கிடந்த குழையை ஆட்டுப் பக்கம் தள்ளினார்.

“கடைசியா ஒண்ணு. சிவக்காம வெள்ளையா வந்த முளை இருக்கு பாருங்க. அது சுத்தமா?”

“சுத்தம்தான். துளி கலப்பு இருந்தாலும் சிவந்திருக்கும்.” பிறகு, அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

காளீஸ்வரி உள்ளே வந்து, குங்குமக் கடிதம் போகாது என்று நின்றவாறே சொன்னாள். கம்பை நாற்றுப் பாவிப் பிடுங்கி நடுவது இவர்களுக்குப் புதிதில்லை. மழை தப்பிய வருஷங்களில் செய்ததுதான். இந்தத் தடவை நாற்றை இருட்டில் பாவ வேண்டும். சிவந்ததைக் களைந்துவிட்டு வெளுத்ததை மட்டும் வெளிச்சத்துக்குப் பழக்கி நட வேண்டும். இடுப்பு ஒடியும். விளைச்சல் பாதிகூடத் தேறாது. மன்றம் இந்த வருஷம் மாவு வாங்காது. வாங்கச் சொல்லவும் கூடாது. பலகை போகும். மில் நிற்கும். இவ்வளவையும் அவள் ஒளிக்காமல் சொன்னாள். மன்றம் திரும்ப வருமா என்று ஒருத்தி கேட்டதற்குத் தெரியாது என்றாள்.

“அதுக்குள்ள உத்தரவோட வந்து எந்த வீடுன்னு கேட்டா?” என்றாள் பேச்சியம்மாள்.

இதற்குப் பதில் சொன்னது மூக்கம்மாள். “எந்த வீட்டுக் கம்புன்னு எவ சொல்வா? முத்துப் போட வீட்டுக்கு ஒரு கை கேட்டேன். இப்ப வீட்டுல இருக்கிற விதைக் கம்பு மொத்தத்தையும் கேக்குறேன். கொண்டாந்து இந்த அறையில ஒரே குவியலாக் கொட்டுங்க. அம்மன் பேரைச் சொல்லிக் கேக்குறேன், இல்லைன்னு சொல்றவ இப்பவே சொல்லிரு.”

விதை என்பது ஒவ்வொருத்திக்கும் தனிக் கர்வம். என் கம்பு திரட்சி, உன் கம்பு பொக்கு என்று கல்யாண வீட்டில்கூடச் சண்டை போட்டவர்கள். காளீஸ்வரி செண்பகவல்லியைப் பார்த்தாள். குழந்தை விழித்துக்கொண்டு அவள் தாலிக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் விலக்கக்கூட இல்லை.

முதலில் எழுந்தது பேச்சியம்மாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, “எங்க வீட்டுக் கம்பு பக்கத்துல அன்னக்கிளி வீட்டுப் பொக்கு கெடக்கணும்னு எழுதியிருக்கு,” என்று முனகியபடி வெளியே போனாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் போனார்கள். பானையில், கூடையில், பழைய சேலை மூட்டையில் கம்பு வந்து விழுந்தது. சுதாகர் முதுகைத் திருப்பாமலே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்னக்கிளி தன் பெட்டியைத் தானே தூக்கவில்லை. “நீ கொட்டு,” என்று மருமகளிடம் நேராகச் சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

காளீஸ்வரி குங்குமக் கடிதத்தை நான்காக மடித்து, சட்டிக்கு அண்டக் கொடுத்திருந்த செங்கல்லின் அடியில் செருகினாள். புதுத்தாள் எடுத்தாள். இந்தக் கடிதம் முதலில் எழுதியதைப் போல ஒழுங்காக வரவில்லை. இரண்டு இடத்தில் அடித்து எழுத வேண்டியிருந்தது.

பொருள்: இந்த ஆண்டு எங்களால் கையெழுத்திட இயலாமை குறித்து.

அம்மா, எங்கள் ஊர்க் கம்பில் மாற்றிய விதை கலந்துவிட்டது. இன்ன வீடு என்று கேட்க வேண்டாம். எங்கள் தானியம் ஒரே குவியலாகக் கிடக்கிறது. இந்த வருஷ மாவை எங்களை நம்பி வாங்க வேண்டாம். எங்களை மட்டுமல்ல, யாருடைய கையெழுத்தையும் நம்பி வாங்க வேண்டாம். இத்துடன் ஒரு சிட்டிகைக் கம்பு மடித்து வைத்திருக்கிறேன். ஒரு சட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் இருட்டாக மூடி வைத்து, முளைத்ததும் பாருங்கள். சிவப்பு அவர்களுடையது, வெள்ளை எங்களுடையது. பிறகு உங்கள் தெருக் கடையில் வாங்கிய கம்பையும் அப்படியே போட்டுப் பாருங்கள். மன்றத்தில் உள்ள எல்லா வீட்டுக்கும் சொல்லுங்கள். போனில் சொல்லாமல் தாளில் எழுதியதற்குக் காரணம் உண்டு. போனில் போன படம் உங்களிடம் வருவதற்கு முன் கம்பெனியிடம் போய்விட்டது.

எழுதி முடித்து வெளியே வந்தாள். சுதாகர் எழுந்து நின்றார், முகம் இன்னும் தெருப் பக்கமே.

“நீங்க கேட்ட கடுதாசி இல்ல சார்.”

“தெரியும்மா.” ஜீப் சாவியைக் கைக்குள் உருட்டினார். “என்ன கேட்டாங்கன்னு ஆபீஸ்ல கேப்பாங்க. என்ன சொன்னேன்னும் கேப்பாங்க.”

“உள்ளதைத்தான சொன்னீக. அதையே சொல்லுங்க.”

அவர் போன புழுதி அடங்குவதற்குள் தெருமுனையில் கொட்டுச் சத்தம் கேட்டது. சட்டிகளை வெளியே எடுக்கும் நேரம். காளீஸ்வரி உறையின் வாயில் கம்பங்கூழைத் தடவி, அட்டைக்கு அடியில் வைத்து அழுத்தினாள். மூக்கம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“அனுப்புநர்னு யாரு பேரு போட்டுருக்க? எப்பவும் ஒம் பேருதான?”

“முளைப்பாரி வீடு, சூரங்குளம்னு போட்டுருக்கேன்.”

“அப்ப விசாரிக்க வர்ற ஆம்பளை அம்புட்டுப் பேரும் வாசல்ல நின்னு ஆட்டுக்கிட்டதான் பேசணும்,” என்றாள் மூக்கம்மாள், சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு.

காளீஸ்வரி சிரிக்கவில்லை. ஒட்டியது காய்ந்ததா என்று நகத்தால் நெருடிப் பார்த்தாள். பிறகு உறையைச் செண்பகவல்லியிடம் நீட்டினாள். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கம்பு உள்ளே சரசரத்தது. தெருவில் சட்டிகள் வரிசையாக வெளிச்சத்துக்குள் போய்க்கொண்டிருந்தன. செண்பகவல்லி ஊர்வலத்துக்கு எதிர்த்திசையில் பஸ் நிறுத்தம் வரை நடந்து, தபால் பெட்டியின் வாயைத் தூக்கி, உறையை உள்ளே விட்டாள். அது அடியில் விழுந்த ஓசை கேட்கும்வரை கையை எடுக்கவில்லை.